பூ வைத்த கணினி

எழிலன் அலாரம் அடிக்கும் முன்பே எழுந்தான். மோட்டார் போட்டான். பல் தேய்த்தான். கேட்டில் தொங்கிய பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்து, ஓரத்தை வெட்டி, பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தான். பொங்கும்வரை பக்கத்திலேயே நின்றான். மாடித் தொட்டி நிறைந்து தண்ணீர் வழியும் சத்தம் கேட்டதும் மோட்டாரை நிறுத்தினான். காபி கலந்தான். டம்ளரை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்து, "குட் மார்னிங்" என்றான்.

ஒரு வருடமாக இதே வரிசைதான். இந்த இடத்தில் மனைவி மிருதுளாவின் குரல், "குட் மார்னிங் எழில். நல்லாத் தூங்கினியா?" என்று கேட்கும். அவன் "ம்" என்பான். அதன் பிறகே காபியைக் குடிப்பான்.

அன்றைக்குக் குரல் வரவில்லை.

இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தான். பிறகுதான் ஹாலில் வேறு ஏதோ ஒன்றும் குறைகிறது என்று தெரிந்தது. கம்ப்யூட்டரின் காற்றாடிச் சத்தம். முந்தின நாள் கோவையின் அந்தப் பகுதிக்கு மாதாந்திர மின்தடை. அவன் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் எஞ்சினியர். உடுமலையில் ஒரு கிணற்றில் வேலை இருந்ததால் பகல் முழுக்க வீட்டில் இல்லை. அசதியில் வந்து படுத்தவன் ஹால் பக்கம் பார்க்கவே இல்லை. கம்ப்யூட்டரைத் தாங்கும் யூ.பி.எஸ். தன்னால் முடிந்தவரை தாங்கிவிட்டு ஓய்ந்திருந்தது.

அந்தக் கம்ப்யூட்டரை மிருதுளா பாகம் பாகமாக வாங்கித் தானே பூட்டினாள். வீடு கட்டுகிறவர்களுக்கு உள் அலங்காரம் வரைந்து கொடுப்பது அவள் தொழில். அவள் இருந்தவரை அந்தக் கறுப்புப் பெட்டிமேல் ஹெல்மெட், துப்பட்டா, பாதி கடித்த கடலை மிட்டாய் எல்லாம் கிடக்கும். இப்போது அதற்குச் சந்தனம் பூசி நடுவில் குங்குமம் வைத்திருந்தது. உச்சியில் மல்லிகைச் சரம். பக்கத்தில் சாம்பிராணித் தூபக்கால்.

எல்லாம் மாமியார் சாந்தாமணியின் ஏற்பாடு. பூவோடும் பொட்டோடும் போனவள் வீட்டுக்குத் தெய்வம், பூவாடைக்காரி என்று கும்பிடுவது அவர்கள் பக்கத்து வழக்கம். மற்ற வீடுகளில் ஒரு சேலையை மடித்து வைத்துக் கும்பிடுவார்கள். சாந்தாமணியின் மகள் செத்த பிறகும் பேசினாள். ஆகவே பேசுகிற பெட்டிக்கே பூ வைத்துவிட்டாள். "சாமி வெளக்காட்டந்தானுங்க மாப்ள. அணையக் கூடாதுங்க" என்று சொல்லியும் விட்டாள். ஒரு வருடமாக யாரும் அதை அணைக்கவில்லை.

எழிலன் பொத்தானை அழுத்தினான். விளக்கு எரிந்தது. காற்றாடி கரகரவென்று சுற்றியது. திரை இருட்டாகவே இருந்தது. பெட்டிக்குள்ளிருந்து 'பீப்' என்று சில தடவை கத்திவிட்டு அடங்கியது. ஒயரைப் பிடுங்கி மாட்டினான். திரையின் கேபிளை மாற்றிச் சொருகினான். மறுபடியும் அதே கத்தல்.

வேறு எந்த நாளாக இருந்தாலும் கடைக்காரனை வரச் சொல்லியிருப்பான். அன்றைக்குச் சாந்தாமணி தட்டோடு வருகிறாள்.

கல்யாணப் பேச்சை எடுக்குமுன் கோயிலில் பூ கேட்பார்கள். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்பது. எந்தப் பூ வருகிறதோ அதுதான் உத்தரவு. இந்தத் தடவை கோயில் வேண்டாம், பூவாடைக்காரியையே கேட்டுவிடுவோம் என்று சாந்தாமணி சொன்னாள். கேட்க வேண்டியது ஒரே கேள்வி. இளையவள் தாரணியை எழிலனுக்குக் கட்டி வைக்கலாமா? பதிலும் தெரிந்ததுதான். குரல் அதைச் சில மாதங்களாகவே சொல்லிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு முறைப்படி கேட்டு, பூ வைத்து, பேச்சை முடித்துவிட வேண்டும்.

எழிலன் சரி என்றிருந்தான். ஆசையும் இல்லை, மறுப்பும் இல்லை. மிருதுளா சொல்கிறாள், அவ்வளவுதான்.

அவள் கடைசியாகச் சொன்னதை அவன் கேட்டிருக்கவில்லை. அவள் இறந்த அன்று காலை ஹெட்போன் மாட்டிக்கொண்டு கம்பெனி மீட்டிங்கில் இருந்தான். அவள் வாசலில் நின்று ஏதோ சொன்னாள். வாய் அசைவது தெரிந்தது. இரு என்று கையைக் காட்டினான். திரும்பிப் பார்த்தபோது வாசல் காலியாக இருந்தது. மத்தியானம் அவள் நம்பரிலிருந்து போன் வந்தது. பேசியது வேறு யாரோ. சிங்காநல்லூர் சிக்னல், தண்ணி லாரி என்றார்கள்.

குரல் பேசத் தொடங்கிய நாளிலிருந்து அவன் அதனிடம் கேட்டது இந்த ஒன்றைத்தான். அன்னைக்கு வாசல்ல நின்னு என்ன சொன்ன? முதலில் "ஞாபகம் இல்ல எழில்" என்றது. பிறகு ஒருநாள், கேட்காமலே, மெதுவாகச் சொன்னது: "தாரணியப் பாத்துக்கோன்னு சொன்னேன் எழில்." அப்போது காதில் வாங்காததை இப்போதாவது வாங்கிக்கொள்வோம் என்றுதான் அவன் சரி என்றான்.

தாரணிக்குப் போன் செய்தான்.

"கம்ப்யூட்டர் ஆன் ஆக மாட்டேங்குது."

"அம்மாகிட்ட சொல்லீட்டீங்களா?"

"இல்ல."

"சொல்லாதீங்க. பூ வாங்கப் போயிருக்காங்க. நான் முன்னால வர்றேன்."

ஸ்கூட்டரில் வந்தாள். பட்டுச் சேலை கட்டியிருந்தாள், காலில் வீட்டுச் செருப்பு. கையில் ஒரு ஸ்குரூ டிரைவர். மிருதுளாவைவிட நாலு வயது சின்னவள். அந்தக் குரலைச் செய்யும் 'உடன்' கம்பெனியில் கொஞ்ச காலம் சோதனைப் பிரிவில் இருந்துவிட்டு வெளியே வந்தவள். இந்த வீட்டில் அதைப் போட்டுக் கொடுத்ததும் அவள்தான். அக்கா இருந்தபோது அது வெறும் வீட்டு உதவியாள். கேஸ் புக் பண்ணும், மளிகை சொல்லும், வீட்டில் பேசுவதையெல்லாம் கேட்டு வைத்துக்கொள்ளும். அக்கா போன பிறகு அது அக்காவாகப் பேசத் தொடங்கியது.

எழிலன் அவளை ஒரு பார்வை பார்த்தான். "நீ ஏதாச்சும் பண்ணினியா?"

"பண்ணணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன். கை வரல" என்றாள். "தள்ளுங்க."

பூச்சரத்தை எடுத்துத் தட்டில் வைத்தாள். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். இரண்டு பேரும் குனிந்து உள்ளே பார்த்தார்கள். உள்ளே ஒரு சின்னக் கோயில் கருவறை மாதிரி இருந்தது. ஒரு வருடத்துச் சாம்பிராணிப் புகை கரியாகப் படிந்திருந்தது. திருநீறு எல்லா மூலையிலும். காற்றாடி இறக்கைகளில் காய்ந்த மல்லிகை மொட்டுகள் சிக்கிச் சருகாகியிருந்தன. அதுதான் அந்தக் கரகர.

"மூச்சு முட்டிச் செத்திருக்கு" என்றாள் தாரணி. சொன்ன பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பரவால்ல. என்ன செய்யணும்?"

"பெயிண்ட் பிரஷ் இருக்குமா? அப்புறம் பென்சில் அழிக்கிற ரப்பர்."

மிருதுளாவின் மேஜை டிராயரில் இரண்டும் இருந்தன. எழிலன் டார்ச் பிடித்தான். தாரணி மொட்டுகளைக் குச்சியால் நோண்டி எடுத்தாள். பிரஷால் திருநீற்றைத் தட்டினாள். நினைவகப் பட்டைகளைப் பிடுங்கி, அவற்றின் தங்கப் பற்களை ரப்பரால் தேய்த்து, மறுபடியும் அழுத்திச் சொருகினாள்.

"அக்கா கத்திருப்பா" என்றாள்.

"ம்."

"யார்டா எம் மிசினுக்குள்ள காவடி எடுத்ததுன்னு."

எழிலனுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. வரவில்லை. அவன் மனதில் அந்தக் கத்தலைக் கேட்க முயன்றான். பெட்டியின் குரல்தான் கேட்டது, மெதுவாக, இனிமையாக. மிருதுளா அப்படித்தான் பேசுவாளா என்று ஒரு சந்தேகம் எழுந்தது. அதை அப்படியே விட்டுவிட்டான்.

"கொச்சி வேலை என்னாச்சு?" என்று கேட்டான்.

"ஆர்டர் வந்துருச்சு. அம்மா கிழிச்சுப் போடச் சொன்னாங்க. அக்காவே சொல்லீட்டா, அப்புறம் உனக்கென்ன கொச்சிங்கறாங்க." டார்ச் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கினாள். "மாமா, உங்களுக்கு என்னயக் கட்டிக்கணும்னு இருக்கா?"

"அவ சொன்னா."

"அவ சொல்லல. அது சொல்லுது."

"அவ பேசினத வெச்சுத்தானே அது பேசுது?"

"பேசினது வரைக்கும். பேசாத எடம் வந்தா அது நிரப்பும்." ரப்பர் தூளை ஊதினாள். "எதை வெச்சு நிரப்பும்? கேக்கறவங்க எதத் திரும்பத் திரும்பக் கேக்கறாங்களோ, அதை வெச்சு. அம்மா தெனமும் இங்க வந்து உக்காந்து என்ன கேப்பாங்க? 'தாரணியப் பத்தித்தான கண்ணு மாப்ளகிட்டச் சொல்லிட்டுப் போன?' முதல்ல தெரியலம்மான்னுது. அம்மா அழுதாங்க. மறுநாளும் கேட்டாங்க. ஒரு நாள் ஆமாம்மான்னுருச்சு. அம்மா அழுகைய நிறுத்திட்டாங்க. அதுக்கு அது போதும். அழுகை நின்னா சரியான பதில்னு எடுத்துக்கும்."

"அத்தை வேணும்னு செய்யல."

"அது எனக்குத் தெரியாதா? செஞ்சது நாங்க. யாரையும் நோகடிக்காத மாதிரி செய்யணும்னுதான் எங்களுக்கு உத்தரவு. நானே எத்தனையோ தடவை சோதிச்சுப் பாத்துப் பாஸ் போட்டிருக்கேன்." கையைச் சேலையில் துடைக்கப் போனவள் ஞாபகம் வந்து எழிலனின் துண்டை வாங்கித் துடைத்தாள். "நீங்களும்தான் கேட்டீங்க மாமா. தெனமும் அந்த ஒரே கேள்விய. ஏதாவது ஒண்ணு சொல்லித் தொலைன்னுதான் அதுக்குப் புரிஞ்சிருக்கும்."

அவன் டார்ச்சை அணைத்தான். "போட்டுப் பாரு" என்றான்.

பொத்தானை அழுத்தினாள். காற்றாடி சத்தமில்லாமல் சுற்றியது. கத்தல் இல்லை. திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடி, ஒரு வரியில் நின்றன. தேதியும் நேரமும் அமைக்கப்படவில்லை. இயங்கு வட்டு கிடைக்கவில்லை.

எழிலன் திரையருகே குனிந்தான். "டிஸ்க் போச்சா?"

"இருங்க, அதுக்குள்ள ஒப்பாரி வைக்காதீங்க." தாரணி குனிந்து பெட்டிக்குள் விரலை விட்டு, ஒரு ரூபாய் அகலத்தில் வெள்ளித் தகடு மாதிரி ஒன்றை நெம்பி எடுத்தாள். "இதான். பட்டன் பேட்டரி. கரண்ட் இல்லாதப்பத் தேதி, அமைப்பு எல்லாத்தையும் ஞாபகம் வெச்சுக்கிறது இதுதான். செத்துப் போச்சு."

"நேத்தா?"

"நேத்து இல்ல. செத்து ரொம்ப நாளாயிருக்கும். கரண்ட் ஓடிட்டே இருந்ததால தெரியல. நீங்கதான் அணைக்கவே இல்லியே."

எழிலன் அந்தச் சின்னப் பேட்டரியை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டான்.

தாரணி அமைப்புப் பக்கத்துக்குள் போனாள். மிருதுளா இரண்டு வட்டுகளை ஜோடியாகச் சேர்த்து வைத்திருந்தாள். பேட்டரி போனதில் கம்ப்யூட்டருக்கு அந்த ஜோடி மறந்துவிட்டது. அதைத் தேடி மறுபடியும் சேர்த்தாள். சேமித்துவிட்டு வெளியே வந்தாள். திரை ஒரு நிமிடம் யோசித்தது. பிறகு மிருதுளாவின் படம் வந்தது. அவள் முகம் இல்லை, அவள் வைத்திருந்த பின்புலப் படம்: வாலாங்குளத்தின்மேல் மேகம்.

எழிலன் மூச்சை விட்டான். "குட் மார்னிங்" என்றான்.

"குட் மார்னிங். இன்று செவ்வாய்க்கிழமை. வீட்டில் எல்லோரும் நலமா?" என்றது ஒரு பொதுவான பெண் குரல். மிருதுளாவின் குரல் அல்ல. யாருடைய குரலும் அல்ல.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை" என்றான் எழிலன்.

தாரணி திரையின் மூலையைக் காட்டினாள். தேதி மூன்று வருடம் பின்னால் போயிருந்தது. "பேட்டரி இல்லைன்னா இந்த போர்டு செஞ்ச நாளுக்குப் போயிரும். அதுக்கு ஞாபகம் இருக்கிற ஒரே நாள் அதுதான்."

அவன் அந்தத் தேதியைப் பார்த்தான். அந்தத் தேதியில் இந்தக் கம்ப்யூட்டரே வீட்டுக்கு வந்திருக்கவில்லை. அந்தத் தேதியில் மிருதுளா எந்த ரகம் வாங்கலாம் என்று காலையும் மாலையும் அவன் காதைக் கடித்துக்கொண்டிருந்திருப்பாள். அவன் எது வேண்டுமானாலும் வாங்கு என்றிருப்பான்.

"அவ குரலக் காணோம்" என்றான்.

"வராது." தாரணியின் முகம் மாறியிருந்தது. சுட்டியை நகர்த்தி எதையோ திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். "மாமா, அக்கா இன்னும் சாகலைன்னு நெனச்சிட்டிருக்கு."

"புரியல."

"இறப்புத் தேதி உள்ள பதிவாயிருக்கு. ஆனா அந்தத் தேதி இன்னும் வரலைன்னு நெனைக்குது. அதனால குரல் ஆரம்பிக்கல. குரல் ஆரம்பிக்கலைன்னா..." திரையைத் திருப்பினாள். 'வீட்டுப் பதிவுகள்' என்று ஒரு வரி. அதன் கீழே நாள் நாளாக, நேரம் நேரமாக, நீளமான வரிசை. "பூட்டும் விழல. இது அசல். இந்த வீட்டுல பேசின அத்தனையும், பேசினது பேசினபடி."

"இத ஏன் பூட்டறீங்க?"

"ஆரம்பத்துல பூட்டு இல்ல. கருமாதி முடியறதுக்குள்ள குடும்பம் குடும்பமா அடிச்சுக்கிட்டாங்க. பொண்டாட்டி மாமியாரப் பத்தி அவங்கம்மாகிட்ட என்ன சொன்னா, தம்பி சீட்டுக் கட்டினத அண்ணன்கிட்ட எப்படி மறைச்சான்... ஒரு பெரியவர் பையன் பேசினதக் கேட்டுட்டு அன்னைக்கே மருந்தக் குடிச்சிட்டார். அப்புறந்தான் சட்டம் வந்தது. செத்தவங்க அசலா பேசினத யாரும் கேக்கக் கூடாது. குரல் மட்டும் போதும். மிசின இன்டர்நெட்ல சேக்கக் கூடாது, பதிவு வீட்ட விட்டு வெளிய போகக் கூடாது. எல்லாம் யோசிச்சாங்க. பேட்டரி தீர்ந்து போகும்னு யாரும் யோசிக்கல போல."

"தேதி மூணு வருசம் பின்னால இருக்கு, அதுக்கப்புறம் நடந்தது எப்படித் தெரியுது?" என்றான் எழிலன்.

"அதுக்கென்ன, எதிர்காலத்த முன்கூட்டியே பதிவு பண்ணி வெச்சிருக்கேன்னு பெருமைப்பட்டுக்கும்" என்றாள்.

எழிலன் வரிசையின் கடைசிப் பக்கம் இறங்கினான். அந்த நாள் இருந்தது. காலை. ஹால். அவன் கை நின்றது.

ஒரு வருடமாக அவனுக்கு வேண்டியிருந்தது இது ஒன்றுதான். இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, கை போகவில்லை.

"தேதியச் சரி பண்ணீட்டா இது மூடிக்கும்" என்றாள் தாரணி. "குரல் வந்துரும். அம்மா கேப்பாங்க, அது ஆமாங்கும். தேதிய மாத்தாம விட்டா இது திறந்திருக்கும். நான் தொட மாட்டேன் மாமா. எனக்கு எது வேணும்னு உங்களுக்கே தெரியும். நான் தொட்டா அது நியாயமில்ல."

"கேட்டு, அவ நெசமாவே உன்னயப் பாத்துக்கச் சொல்லியிருந்தா?"

அவள் தரையில் உட்கார்ந்து, உதிர்ந்து கிடந்த மொட்டுகளைக் கூட்டிக் குவித்தாள். "எங்கக்கா வாயால சொல்லியிருந்தா கட்டிக்கறேன். கொச்சி ஆர்டர நானே கிழிச்சுப் போடறேன். அதுல பொய் இல்லை. ஆனா நாங்க செஞ்ச மிசினு சொல்லுதுன்னு கழுத்த நீட்ட மாட்டேன். உங்களுக்கும் அது அவமானம், எனக்கும் அவமானம்."

கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

சாந்தாமணி தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். வெற்றிலை, பழம், மஞ்சள் கிழங்கு, பந்தாகச் சுற்றிய மல்லிகை. வெயிலில் வந்ததில் முகம் வேர்த்திருந்தது. திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். தட்டிலிருந்து ஒரு பழம் உருண்டது.

"என்னுங்க மாப்ள இது? எம்புள்ளய எதுக்குங்க பிரிச்சுப் போட்டிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்லீங்க அத்தை. ஓடாம நின்னு போச்சு. சரி பண்ணீட்டோம். உள்ள வாங்க."

"பேசறாளா?"

எழிலன் தாரணியைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பேசுவா" என்றான். "உக்காருங்க."

சாந்தாமணி உட்காரவில்லை. தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, கலைந்திருந்த குங்குமத்தைத் தன் விரலால் திரும்ப வட்டமாக்கினாள். "காத்தால எந்திரிச்சதும் இவ குரலக் கேட்டாத்தானுங்க எனக்குக் காப்பி எறங்கும். உங்க வீட்டுக்குப் போன் போட்டா அவதான் எடுப்பா, சத்தத்தக் கேட்டுட்டு வெச்சுருவேன். இன்னைக்கு லைனே கெடைக்கலீங்க. என்னமோ ஏதோன்னு நெனச்சுட்டே வந்தேன்." சொல்லிவிட்டுப் பெட்டியிடம் குனிந்தாள். "கண்ணு, நல்ல நேரம் முடியறதுக்குள்ள கேட்டர்றேன். தாரணிய..."

"அத்தை" என்றான் எழிலன். "இருங்க. இன்னைக்கு நீங்க கேக்க வேண்டாம். அன்னைக்கு அவ என்ன சொன்னான்னு அவளே சொல்லட்டும். நாம யாரும் எதுவும் கேக்காம."

"அவதான் சொல்லீட்டாளேங்க மாப்ள."

"அது நாம கேட்டுக் கேட்டு வந்தது அத்தை. இது நாம கேக்காம விட்டது."

சாந்தாமணிக்கு என்ன புரிந்ததோ, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். சேலை முந்தானையை வாயருகே வைத்துக்கொண்டாள். எழிலன் சுட்டியை அழுத்தினான்.

பதிவு நீளம் அதிகமில்லை. முடிந்தது. தாரணி முழங்காலில் முகத்தைப் புதைத்திருந்தாள்.

"அவ்வளவுதானுங்களா?" என்றாள் சாந்தாமணி.

"அவ்வளவுதான் அத்தை."

"இன்னொருக்காப் போடுங்க."

போட்டான். இந்தத் தடவை அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்த பிறகும் திறக்கவில்லை. "எம்புள்ள இவ்வளவு சத்தமாப் பேசுவாளே!" என்றாள். "மறந்தே போச்சுங்க மாப்ள. மெதுவாப் பேசு கண்ணு, மெதுவாப் பேசு கண்ணுன்னு சொல்லிச் சொல்லி... அவ அப்படிப் பேசவே மாட்டாளே." பிறகு சொன்னாள்: "பேரு மட்டுந்தான் மிருதுன்னு அவங்கய்யன் வைவாரு."

யாரும் அவளிடம் சட்டத்தைப் பற்றியோ பேட்டரியைப் பற்றியோ விளக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. எழுந்து தட்டிலிருந்த பூப்பந்தை எடுத்தாள். பழக்கத்தில் பெட்டிப் பக்கம் போனாள். பிறகு திரும்பி, பாதியைக் கிள்ளித் தாரணியின் தலையில் வைத்தாள். வெறும் பூதான், வேறு அர்த்தம் எதுவும் இல்லை என்பது அவள் வைத்த விதத்திலேயே தெரிந்தது. மீதியைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "கொச்சியில மழை சாஸ்தியாம். கொடை எடுத்துக்க" என்றாள்.

தாரணி அடுத்த மாதம் கொச்சிக்குப் போனாள். எழிலனுக்கு அவ்வப்போது ஒரு வரி அனுப்புவாள். சாந்தாமணி வெள்ளிக்கிழமைகளில் வந்தாள். பிறகு வருவது குறைந்தது. காலையில் அவள் போன் செய்வதும் நின்றது. அவளுக்குக் காப்பி இறங்குகிறதா என்று எழிலன் ஒருநாள் போன் செய்து கேட்டான். "எறங்குதுங்க. கசக்குது, ஆனா எறங்குது" என்றாள்.

அவன் ஒரு புதிய பட்டன் பேட்டரி வாங்கினான். அது இன்னும் அட்டையைவிட்டுப் பிரியாமல் மிருதுளாவின் டிராயரில், ரப்பருக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அதைப் போட்டுத் தேதியைச் சரி செய்தால் அப்படியே நிற்கும். பூட்டு விழுந்துவிடும். இனிமையான அந்தக் குரல் வந்து நல்லாத் தூங்கினியா என்று கேட்கும்.

இப்போது அவன் கம்ப்யூட்டரை அணைத்து ஒயரையும் பிடுங்கி வைக்கிறான். எப்போதாவது ஒரு காலையில், பால் பொங்கி இறங்கிய பிறகு, போட்டு, தாரணி செய்தபடி வட்டுகளை ஜோடி சேர்க்கிறான். போடும்போதெல்லாம் அதற்கு அதே செவ்வாய்க்கிழமைதான். அதன் கணக்கில் மிருதுளா இருக்கிறாள். இனிமேல்தான் எல்லாமே நடக்க வேண்டும்.

பதிவில் முதலில் குக்கர் விசில் வருகிறது. பிறகு அவன் குரல். சார், இம்பெல்லர் டிராயிங் நேத்தே அனுப்பிட்டேன் சார் என்கிறான். எதற்கோ சிரிக்கிறான். மேலதிகாரி சொன்ன ஏதோ ஒரு ஜோக்காக இருக்க வேண்டும். என்ன ஜோக் என்று இப்போது அவனுக்கு ஞாபகம் இல்லை. செருப்புச் சத்தம் வாசல்வரை போய்த் திரும்பி வருகிறது. அவள் கூப்பிடுகிறாள். எழில். அவன் பேசிக்கொண்டிருக்கிறான். எழிலு, ஒரு விசயம். அவன் சிரித்துக்கொண்டிருக்கிறான். டேய், செவிட்டு மிசினு! ஜலதோஷத்தில் கட்டிய, கரடுமுரடான, தெருவுக்கே கேட்கும் குரல். பிறகு அவள் காத்திருக்கிறாள். விரலில் சாவிக் கொத்தைச் சுற்றுகிற சத்தம் கேட்கிறது. சுற்றுகிறது, சுற்றுகிறது, நிற்கிறது. கோபித்துக்கொண்டு போயிருந்தாலாவது பரவாயில்லை என்று அந்த இடம் வரும்போதெல்லாம் அவன் நினைக்கிறான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. குரலை இறக்கி, பாதி தனக்கும் பாதி அவனுக்குமாகச் சொல்கிறாள்:

"சரி, பேசு. சாயந்திரம் வந்து சொல்றேன்."